ஆணி

ஒத்தக்கடை மரவாடியில்
மூன்றாவது அறுப்பில் ரம்பம் கத்தியது.
வாகைக்குள் ஆணி.

காஜா மைதீன்
பிளேடின் உடைந்த பல்லைத் தடவிக்கொண்டிருக்க
நான் எண்ணினேன்:
ஆணித்தலைக்கு வெளியே இருபத்திரண்டு வளையம்,
சில மங்கல். ஒன்று நூலிழை;
அந்த வருஷம் வைகையில் மணல்தான் கிடந்தது.

துருவோடு ஒட்டிய தகரத்தில்
'தட்டச்சு' மட்டும் மிச்சம்.
அடிக்கட்டையிலிருந்து அளந்தேன்: நெஞ்சுயரம்.
அடித்தவன் அடித்த இடத்திலேயே.
மரம் அதை ஓரங்குலமும் தூக்கவில்லை.
உயரம் கொழுந்துகளின் வேலை.
அடிமரத்துக்குப் பருக்க மட்டும்தான் தெரியும்.
பட்டைக்கு அடியில் ஈரமாய் ஒரு சவ்வு,
வெளியே பட்டை, உள்ளே கட்டை என்று
இரண்டு பக்கமும் அடுக்கிக்கொண்டே இருக்கும்.
உயிர் அவ்வளவு மெல்லிசு.
நடுவில் கறுத்த வைரம்
எப்போதோ செத்து,
செத்தபின்னும் தாங்கியது.

கழித்துப்போட்ட கிளையில்
நெற்றுகள் இன்னும் கலகலக்கின்றன.
சித்திரையில் பூக்குஞ்சத்தை
எந்தத் தேனீ உரசிப் போனதோ,
நெற்றுக்கு எட்டுப்பத்து விதை.

ஐப்பசி மழைக்குப் பிறகு
மரத்தூள் குவியலில் இரண்டு முளைத்திருந்தன,
விரல் உயரம்.
காஜா மைதீன் குனிந்து பார்த்தார்.
"ஆணி அடிக்க இன்னும் நாளாகும்" என்றார்.

சனிக்கிழமைக் கூலியில்
முந்நூறு பிடித்தார்.