இருமை விகுதி

திங்கட்கிழமை, ஏழு நாற்பது.
லுபினா தொலைபேசியில் வணக்கம்கூடச் சொல்லவில்லை.
"எல்லாம் ஜெர்மனாகிவிட்டது."
ஊர்ப் பெயர்ப்பலகையை யாரோ மாற்றிவிட்டார்கள்
என்றுதான் முதலில் நினைத்தேன்.

குரோஸ்ட்விட்ஸ் பள்ளி அலுவலகம்.
ஹீட்டர் மேல் அவளுடைய ஈரக் கையுறைகள்.
வெள்ளி இரவு உலாவி
யாரையும் எழுப்பாமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
விடிந்ததும் அதற்குச் சோர்பிய மொழி மறந்திருந்தது.
மேலே ஒரு மஞ்சள் பட்டை:
மொழிப்பொதி இந்தப் பதிப்புக்குப் பொருந்தாது.
அதையும் ஜெர்மனில்.

முதலில் சோம்பேறி வைத்தியம்.
அணைத்து, மூன்று மூச்சு விட்டு, மறுபடி போட்டேன்.
ஜெர்மன்.
பிறகு நீட்சிகளை மொத்தமாக உறங்கவைத்து
ஒவ்வொன்றாய் எழுப்பிப் பார்த்தேன்.
விளம்பரத் தடுப்பான் எழுந்தது.
கடவுச்சொல் பெட்டி கொட்டாவி விட்டு எழுந்தது.
குற்றவாளி யாருமில்லை.
பிழைதிருத்தி மட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது,
சொடுக்கினாலும் அசையாமல்.

பொதியைப் பிரித்தேன்.
உள்ளே ஒரு வரியில் உச்சவரம்பு எண்.
ஒன்றைக் கூட்டி எழுதி, மூடி, உள்ளே தள்ளினேன்.
கையொப்பம் உடைந்துவிட்டதாம்.
சேதமடைந்த கோப்பு என்றது,
நேற்றுவரை அதன் வாயால் பேசிய உலாவி.

இதற்கிடையே லுபினா
பெற்றோருக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தாள்.
பனிச்சறுக்குப் பயணம், மதிய உணவு, பன்னிரண்டு யூரோ.
சொல்லுக்குச் சொல் சிவப்பு நெளிகோடு.
கடைசியில் அவள் பெயருக்கடியிலும்.
"நானும் பிழையா?" என்றாள்.
ஜெர்மன் அகராதியைக் கேட்டால்
அப்படித்தான் சொல்லும்.

எரிச்சலில் சாளரத்தை மூடப் போனேன்.
2 தாவல்களை மூடவா? என்றது.
பார், அங்கேதான் எனக்கு வலித்தது.
ஜெர்மனிடம் இருப்பது ஒன்று, பல; அவ்வளவே.
எங்களிடம் இரண்டுக்குத் தனி விகுதி,
மூன்றுக்கும் நான்குக்கும் வேறு,
ஐந்திலிருந்து வேறு.
கண்கள் பல அல்ல.
ஒரே திரைமுன் குனிந்து
மூக்கு உறிஞ்சிக்கொண்டிருக்கும் நானும் லுபினாவும்
பல அல்ல.

பழைய பொதியின் அறிமுகத்தில் இரண்டு பெயர்கள்:
பெனோ, ஹில்ஷா.
கீழே, "மொழிபெயர்த்தோம்", இருமையில்.
பெனோவுக்கு எழுதினேன்.
ஒன்பதே நிமிடத்தில் பதில்:

"நாற்பத்தொரு சரம் பாக்கி.
ஹில்ஷா இப்போது லைப்ஸிக்கில்,
இந்த வேலைக்கு வருவதில்லை.
பக்கப்பட்டைக்கு அவள் ஒரு சொல் வைத்திருந்தாள்,
நான் வேறு சொல்.
சண்டை போட ஆளில்லாமல்
முடிவெடுக்க முடியவில்லை.
வியாழன் வரை பொறுங்கள்."

லுபினா என் தோளுக்கு மேலாக வாசித்தாள்.
"அவள் சொல்லையே போடச் சொல்," என்றாள்.
என்ன சொல் என்று அவளுக்கும் தெரியாது,
எனக்கும் தெரியாது.
அப்படியே எழுதி அனுப்பினேன்.

வியாழன் மாலை, நாலு பத்து.
கமென்ஸ் பேருந்தைத் தவறவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
பொதி வந்தது. மறுதொடக்கம்.
பட்டியல்கள் ஒவ்வொன்றாய்
வீட்டுச் செருப்புக்குள் கால் நுழைத்தன.
லுபினா இரண்டு தாவல்களை வேண்டுமென்றே திறந்து
சாளரத்தை மூடப் போனாள்.
கேட்டது, சரியான விகுதியில்.
அவள் ரத்து செய்தாள்.
மறுபடி மூடப் போனாள்.
மறுபடி கேட்டது.

பக்கப்பட்டைக்கு ஒரு புதுச் சொல் இருந்தது,
கொஞ்சம் நீளம், விளிம்பில் வெட்டுப்படுகிறது.
அறிமுகத்தில் இப்போது ஒரே பெயர்.
"மொழிபெயர்த்தோம்" மட்டும் இன்னும் இருமையில்.
பிழை என்று நான் புகாரளிக்கவில்லை.

பிழைதிருத்தி இன்னும் சாம்பல்தான்.
அதை எழுதியவர் வேறு ஆள், விடுமுறையில் இருக்கிறார்.
பன்னிரண்டு யூரோ கடிதம்
சிவப்புக் கோடுகளோடே அச்சுக்குப் போனது.
நல்லவேளை,
தாளில் அவை விழுவதில்லை.