இருபது வளைவு

அடிவாரத்தில் கண்டக்டர் விசிலடிக்கும்போதே
கைப்பைக்குள் விரல் விட்டு
ஜெபமாலைக் குருசைத் தேடிப் பிடித்துவிடுவேன்.
ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி.
தேவ இரகசியமும் இருபது.
முன்பு பதினைந்துதான்,
பாப்பரசர் ஐந்தைச் சேர்த்த வருஷம்தான்
ரோடும் ஜெபமும் ஒத்துப்போயின.

ஒரு வளைவுக்குள் பத்து மணி உருளாது.
ஒரே ஒரு அருள்நிறை மந்திரம்,
எதிரே லாரி வந்தால் அதிலும் பாதி.

முதல் வளைவில் சம்மனசு.
இரண்டில் அவள் மலைநாட்டுக்கு விரைந்து போகிறாள்,
மசக்கையோடு.
முகர்ந்துகொள்ள யாராவது
எலுமிச்சம்பழம் கொடுத்திருப்பார்களா.
ஐந்தில் பிள்ளையைக் காணோம்.
அந்த மணியை உருட்டுவதில்லை நான்,
நகம் பதிய அழுத்துவேன்.
அவளுக்கு மூன்று நாள்.
ரெமி பேசி மூன்று வாரம்.
திருப்பூரில் எந்த பனியன் கம்பெனி என்றும் தெரியாது.

போன மாதம் குடை தொலைந்தது.
அந்தோணியாரிடம் இரண்டு மெழுகுவர்த்தி பேசினேன்.
மறுநாளே டிப்போவில் கிடைத்தது,
கம்பி ஒன்று வளைந்து.
ரெமியை அவரிடம் இன்னும் கேட்கவில்லை.
கேட்டு, அவர் சும்மா இருந்துவிட்டால்
செவ்வாய்க்கிழமைகளில்
எந்த முகத்தோடு போய் நிற்பது?

ஏழில் கானாவூர்.
கல்யாண வீட்டில் ரசம் தீர்ந்துவிட்டது.
எங்கள் விடுதிச் சமையல்கட்டில்
முந்நூறு பிள்ளைக்கு ரசம் தீர்ந்தால்
தண்ணீரை ஊற்றி நீட்டுவோம்.
எங்கள் புதுமை அவ்வளவுதான்.

பதின்மூன்றில் முள்முடி.
உண்ணிச்செடி ஜன்னல் கம்பியைக் கீறும்.
பதினைந்தில் பஸ் திணறும்,
கியரை மாற்றிக்கொண்டே
டிரைவர் குழந்தைவேலு "முருகா" என்பார்.
என் ஆண்டவர் சாவதும் அங்கேதான்,
அதே மூச்சில்.

அப்புறம் குளிர். சில்வர் ஓக், மிளகுக்கொடி, பனி.
மகிமை ஐந்தும் பனிக்குள்ளேயே நடந்துவிடும்,
ஒன்றையும் நான் பார்த்ததில்லை.
அவளுக்கு முடிசூட்டியதும் ஏரி வந்துவிடும்.
இறங்கிப் போய் வெங்காயம் உரிப்பேன்.

சாயங்காலம் இறக்கம்.
இருபதிலிருந்துதானே வரவேண்டும்.
முதலில் கிரீடத்தைக் கழற்றுகிறேன்.
ஆணியைப் பிடுங்குகிறேன்,
முள்ளை எடுக்கிறேன்,
ரசம் தண்ணீராகிறது.
ஐந்தில், தொலைவதற்கு முந்தின நாள்:
பிள்ளை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு
கேள்வி கேட்டுக்கொண்டே நடக்கிறது.
ஒன்றில் வெறும் ஒரு பெண்பிள்ளை,
வீட்டுவேலையாக இருக்கிறாள்.
சம்மனசு இன்னும் வரவில்லை.

அந்த இடத்தில்தான் போனுக்கு டவர் கிடைக்கும்.
நேற்று ஒரு மிஸ்டு கால், தெரியாத நம்பர்.
கை நடுங்கத் திருப்பிக் கூப்பிட்டேன்.
இன்சூரன்ஸ்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் போல,
எழுதி வைத்ததைப் படிக்கிறாள், திக்குகிறாள்,
மன்னிச்சுக்கோங்க மேடம் என்கிறாள்.
வைத்துவிட மனசு வரவில்லை.
பஸ் கோரிமேடு தாண்டிக்கொண்டிருந்தது.
"பயப்படாதே" என்றேன்,
"முதலிலிருந்து சொல்லு, கேட்கிறேன்."