ஆறாவது அடுக்கு

பாரிமுனை ஆபீசிலிருந்து சுகிர்தா மேடம் போன்:
"ஆயிரத்து ஐம்பத்தைந்து பெட்டி பிடிக்கும்,
கணக்குப் போட்டாச்சு."
நீளத்தை அகலத்தால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி
பெட்டியின் கன அளவால் வகுத்திருக்கிறார்.
புள்ளிக்குப் பின்னால் வந்த ஏழை
பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்திருக்கிறார்.

மணலி யார்டில் மணி இரண்டு.
நாற்பதடி கண்டெய்னர் வாயைப் பிளந்து
வெயிலில் கிடக்கிறது.
தகரத்தில் கை வைத்தால் கொப்புளம்.

கன்னியப்பன் டேப்பைத் தொடவில்லை.
எப்பக்கம் பார்த்தாலும் நாற்பது சென்டிமீட்டர் பெட்டி,
உள்ளே ஹாம்பர்க் கால்களுக்கான ஷூ.
அதைப் புரட்டிப் புரட்டியே
பின்சுவர் வரை போனார்.
முப்பது.
குறுக்கே ஐந்து.
மேலே ஐந்து.
"எழுநூத்தம்பது தாம்மா நிக்கும்.
மீதிய நீ மடியில வச்சிக்கினு போ."

நான் டேப்பை இழுத்தேன்.
நீளத்தில் மூன்று மீதி: இரண்டு விரல்.
அகலத்தில் முப்பத்தைந்து:
ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்கலாம்,
பெட்டி நிற்காது.
உயரத்தில் முப்பத்தொன்பது.

மறுபடி அளந்தேன்.
முப்பத்தொன்பதேதான்.

ஒரு சென்டிமீட்டர்,
என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்,
அது மட்டும் இருந்திருந்தால்
இன்னொரு அடுக்கு. நூற்றைம்பது பெட்டி.
எத்திராஜ் ஒன்றைத் தோளால் முட்டித் திணித்துப் பார்த்தான்.
அட்டை முனகியது. லேபிள் கிழிந்தது.
கூரை கேட்டுக்கொள்ளவில்லை.

"அவ்ளோ எடம் காலியா இருக்கே?" மேடம் கேட்கிறார்.
இருக்கு மேடம்.
இடம் இருக்கு. பெட்டிக்கு இல்ல.
இதை போனில் எப்படிப் புரியவைப்பது?
தண்டையார்பேட்டை போர்டு வீட்டில்
கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே
இதே முப்பத்தைந்தில்தான்
ஆறு வருஷமாகப் புடவை மாற்றுகிறேன்.
சதுர அடிக் கணக்கில் அந்த ரூமில்
இன்னும் இரண்டு பேர் படுக்கலாம்.

முந்நூற்றைந்து பெட்டி வெளியே,
தார்ப்பாய்க்குக் கீழே, அடுத்த வண்டிக்கு.
பில்லில் எழுநூற்றைம்பது என்று எழுதினேன்.
பக்கத்துச் சந்தும் மேலே உள்ள வெற்றிடமும்
எந்தக் காகிதத்திலும் இல்லை.
ரிஃபைனரி வாசனையோடு
மணலிக் காற்று அதில் ஏறிக்கொண்டது,
வரி கட்டாமல், விசா இல்லாமல்.

கதவை இழுக்கும் முன் கன்னியப்பன்
அந்த இடுக்கில் தலையை நீட்டினார்.
எதையோ எண்ணுகிறார் என்று நினைத்தேன்.
இருமினார்.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை, முழுசாக.

பிறகு சீலைப் போட்டோம்.