கைநாட்டு

அலுமாரியைத் துப்புரவாக்கச் சொன்னார் அதிபர்.
கறையான் தின்று மிஞ்சியது
ஒரு கூட்ட அறிக்கைப் புத்தகம்.
திருக்கோணமலை,
ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்துமூன்று.

பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு?
பிரக்கிராசியார் கதிர்காமத்தம்பி எழுந்து சொல்கிறார்:
மிஷன் பள்ளிக்குப் போன பிள்ளை
ஞானப்பாட்டோடு வீட்டுக்கு வருகிறாள்.
மருந்துக்கடை வேலாயுதர்:
கொழும்பில் படித்த மாப்பிள்ளைமார்
கடிதம் எழுதத் தெரிந்த பெண் கேட்கிறார்கள்.
இன்னொருவர்:
வெள்ளைக்காரன் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறான்.
பெயர் அரிபட்ட ஒருவர்
சாத்திரத்தில் இரண்டு வரி சொல்லியிருக்கிறார்.
செயலாளருக்கு விளங்கவில்லைப் போலும்,
இடம் விட்டிருக்கிறார்.

பதினேழு பக்கம் புரட்டினேன்.
பிள்ளைகளில் ஒன்றிடமாவது
யாரும் கேட்டதாக இல்லை.

குறை சொல்லவில்லை.
அவர்கள் போட்ட கூரைக்குக் கீழேதான்
என் மின்விசிறி சுற்றுகிறது.
அந்த ஓட்டுக்காக
உப்புவெளித் தென்னங்காணியை ஈடுவைத்தார் பிரக்கிராசியார்.
கணக்கு இருக்கிறது.
ஈடு மீண்டதற்குக் கணக்கு இல்லை.

அடியில்
துருவேறிய கம்பியில் கோத்த பற்றுச்சீட்டுகள்.
முற்றம் கூட்ட, தண்ணீர் அள்ள:
நாகமுத்து, மாதம் மூன்று ரூபாய்.
தை, கைநாட்டு.
மாசி, கைநாட்டு.
பங்குனியில் மை கலங்கியிருக்கிறது,
விரல் ஈரமாய் இருந்திருக்கும்.
ஆவணியில் ஒரு ‘நா’.
அவ்வளவுதான். பக்கத்தில் மறுபடி கைநாட்டு,
தன்னையே நம்பாதவள் போல.
கார்த்திகையில் முழுப்பெயர்.
கடைசித் ‘து’ கோட்டைத் தாண்டி
ரூபாய்க் கட்டத்துக்குள் போய்விட்டது.

எந்த யன்னலடியில் வாளியை இறக்கி வைத்தாள்?
எந்தப் பிள்ளை மணலில் எழுதிக் காட்டியது?
சங்கத்துக்குத் தெரியாது.
அவர்கள் சொன்ன காரணம் எதிலும்
அவள் இல்லை.

மார்கழிக் கூட்டம், கடைசி விடயம்:
‘கூட்டுகிறவள் நான்கு ரூபாய் கேட்டுத்
தன் கையாலேயே கடிதம் எழுதியிருக்கிறாள்.
சபையோர் வியந்தனர்.
ஒத்திவைக்கப்பட்டது.’

வெளியே கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து
நான் எறிந்த உக்கல் தாள்களை மென்றுகொண்டு நிற்கின்றன.
ஒன்றின் வாயில்
அந்த வெற்றிடம் விட்ட பக்கம்.

சுலோசனா வாசலைக் கூட்டிக்கொண்டு வருகிறாள்,
மானை அதட்டுகிறாள்,
என்னைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை.
நாட்சம்பளத்தை நிரந்தரமாக்கச் சொல்லி
வடிவான கையெழுத்தில் அவள் தந்த கடிதம்
ஆவணியிலிருந்து
என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.