பின்னால் எடுப்பதற்கு முன்

அபிதிபியில் ஜனவரி மழை என்பது கெட்ட வார்த்தை.
பெய்த இரவே உறைந்து
ஏரி முழுக்கக் கண்ணாடி போட்டுவிடும்.
மறுநாள் எட்டு மணிக்கு
என் உதிரிபாகக் கடை வாசலில் வரிசை.
எல்லோருக்கும் ஒரே புகார்:
மைனஸ் இருபத்தொன்றில் வண்டி கொதிக்கிறது.

வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது
இதுதான்.
கீழே அறுபது சென்டிமீட்டர் ஐஸ்,
மேலே ஆவி கக்கும் எஞ்சின்.
பனி தூளாக எழுந்து
வண்டியின் அடிவயிற்றில் அறைந்தால்தான்
உள்ளே ஓடுகிற நீர் ஆறும்.
இறுகிப்போனது தானாக எழாது.
கீற வேண்டும்.

பதினோராவதாக வந்தவன் ஃபெர்னான்.
விவாகரத்துக்குப் பிறகு ஏழு குளிர்காலம்.
மீசையை எடுத்திருந்தான்;
மேலுதடு இவ்வளவு மெல்லிசு என்று
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.
"ஸ்லைடர் உருகுகிற நாற்றம்" என்றான்,
வணக்கத்துக்குப் பதிலாக.

இரண்டு வகை ஸ்க்ராட்சரை எடுத்து மேஜையில் வைத்தேன்.

இது ஸ்பிரிங் கம்பி. விறைப்பு.
நுனியில் கார்பைடு பல்,
எந்த ஐஸையும் உழுதுவிடும்.
ஆனால் ரிவர்ஸ் எடுக்குமுன்
இறங்கி, குனிந்து, கையால் தூக்கிக்
கொக்கியில் மாட்டணும்.
மறந்தால் மடங்கும். அல்லது ஒடியும்.

இது கேபிள், முறுக்கிய வடம்.
கொஞ்சம் சோம்பலாகத்தான் கீறும்.
முன்னே போனாலும் பின்னே வந்தாலும்
வளைந்துகொடுக்கும்.

"எது நல்லது?"

உனக்கா, ஏரிக்கா என்று கேட்டிருப்பேன்.
அவன் முதுகுக்குப் பின்னால் நாலு பேர்
பூட்ஸைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
"ரிவர்ஸ் அடிக்கடி எடுப்பாயா?" என்றேன்.
"நானா!"
அந்தச் சிரிப்பு மாறவில்லை.
ஒருமுறை தப்பான பாதை என்று தெரிந்தும்
நாற்பது கிலோமீட்டர் போனோம்,
வண்டியைத் திருப்ப அவனுக்கு மனசில்லாமல்,
என் மடியில் சூப் ஆறிக்கொண்டே.

ஸ்பிரிங் கம்பியை எடுத்தான். வேறென்ன.

ரசீதின் பின்பக்கம் படம் போட்டேன்:
இங்கே துளை, இங்கே போல்ட்,
பல் பெல்ட்டை உரசாமல் இவ்வளவு இடைவெளி.
புதுப்பனியில் தூக்கி வை, கெட்டித் தடத்தில் இறக்கு,
சூடு எண்பதைத் தொடும்வரை காத்திராதே,
பின்னால் எடுப்பதற்கு முன்
ரிவர்ஸ் பட்டனைத் தொடாமல் முதலில் இறங்கு.
தலையாட்டினான்.
எனக்குத் தெரியும் அந்தத் தலையாட்டலை.
பன்னிரண்டு வருஷம் பார்த்தது.

உண்மையைச் சொன்னால்
நானும் இரண்டு ஜோடி ஒடித்தவள்தான்.
மூன்றாவதாகத்தான் கேபிளுக்கு மாறினேன்.
இதை அவனிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் நான் மட்டும்.
கேபிளை இறக்கியதும்
தகரக்கூரையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம்.
முள் எழுபத்தாறிலிருந்து வழுக்கி
ஐம்பத்தெட்டில் நின்றது.
வேறு யாருக்கும் சொல்ல முடியாத சந்தோஷம் அது,
வண்டியின் சூடு இறங்குவதை
வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது.

எனக்கு முன்னே ஐஸில் இரண்டு கோடுகள் ஓடின,
ஆழமாக, அடமாக, வளைவே இல்லாமல்.
அவனுடைய நீல மீன்குடில் வரைக்கும் இரண்டு.
குடில் பூட்டியிருந்தது.
கதவுக்கு முன்னே
வண்டி பின்வாங்கித் திரும்பிய அரைவட்டம்.
அதற்கப்புறம்
ஒரே கோடு.

இறங்கித் தேடினேன்.
விரல் நீளத் துண்டு, பல் இன்னும் கூர்மை.
கையுறைக்குள் போட்டுக்கொண்டேன்.
திங்கட்கிழமை வருவான்.
ஒற்றையாக விற்பதில்லை, ஜோடிதான் என்பேன்.
விலையைக் கேட்டு முனகுவான்.

அந்த ஒற்றைக் கோடு மேற்குக் கரைக்குப் போகிறது.
நான் போகவேண்டியதும் அங்கேதான்.
அதன் மேல் ஏறாமல்
ஒரு வண்டி தூரம் தள்ளி
ஓட்டிக்கொண்டு போனேன்.