வினையெச்சம்

பட்டிப்பொல ஸ்டேஷனில் கடைசி ரயில் போனபின்
டோர்ச்சோடு தண்டவாளம் தாண்டினேன்.
குட்டை மூங்கில் இலையின் அடிப்பக்கத்தில்
பதினொரு முட்டை.
குண்டூசித் தலைதான் ஒவ்வொன்றும்.
பால் கலந்த பச்சை.
இலையை மட்டும் கிள்ளினேன்,
மூச்சை மறுபக்கம் விட்டபடி.

பதினோராம் நாள் ஏழு வெளியே வந்தன.
வந்ததும் இருந்த வீட்டையே தின்றன.
மிச்ச நான்கும் ஏன் வரவில்லை என்று
யாரிடம் கேட்பது?

பிஸ்கட் போத்தல்.
நுளம்பு வலையில் வெட்டிய மூடி.
நாளுக்கு ஒரு கொழுந்து.
எங்கள் ஆட்கள் நான்கு தலைமுறை
நிறுத்துக் கொடுக்கப் பறித்த கை இது.
நான் நிறுக்காமல் பறிக்கிறேன்.

ஒன்றைப் பூஞ்சணம் எடுத்தது.
இரண்டு, வலைக் கிழிசல் வழியே போயின.
(போகட்டும். புதர் பக்கத்தில்தான்.)

டிசம்பரில் நான்கும் தின்பதை நிறுத்தின.
பச்சை வடிந்து சருகு நிறமாகி
நரம்போடு நரம்பாய் ஒட்டிக்கொண்டன.
தொட்டுப் பார்க்கக் கூடாது.
சூடு காட்டக் கூடாது.
ஈரச் சாக்கு, நிழல், வெளித் திண்டு.
அவ்வளவுதான் வைத்தியம்.

சிக்னல் அறை விமலசிறிக்கு அது பொறுக்கவில்லை.
நான் லீவில் போன இரண்டு நாளில்
போத்தலைத் தூக்கி அடுப்போரம் வைத்துவிட்டார்.
"பாவம் தானே," என்றார் என் மொழியில்.
"சீதலய்," என்றார் தன் மொழியில்.

ஒன்று விழித்துக்கொண்டது.
கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி
மூன்று நாள் நடந்தது
எந்த மூங்கிலும் இன்னும் விடாத
ஒரு தளிரைத் தேடி.
நாலாம் நாள் நடக்கவில்லை.

நான் ஏசவில்லை.
போன வருசம் முழுப் போத்தலையும்
என் கட்டிலுக்கடியில், கம்பளி சுற்றி,
நானேதான் கொன்றேன்.

ஜனவரி.
சிலிப்பர் கட்டைகளில் உப்புக் கொட்டியதுபோல் பனி.
பைப்பில் தண்ணீர் இல்லை.
வெப்பமானியில் ஒரு பாகை.
போத்தலுக்குள் மூன்று சருகு,
அல்லது மூன்று உயிர்.
விமலசிறி அந்தப் பக்கம் பார்க்காமல்
கொடியைச் சுருட்டிக்கொண்டு போவார்.
ஆனால் சாக்கு காய்ந்ததே இல்லை.
நான் நனைக்காத நாளிலும்.

எட்டாம் வகுப்பில் எனக்கு ஏறாத பாடம்
இந்தத் திண்டில் நிற்கையில் ஏறியது.
உண்டு. உறங்கி. இருந்து.
முடியாமல் நிற்கும் சொற்கள்.
முற்று வரும்வரை
பிழை என்றும் அடிக்க முடியாது,
சரி என்றும் போட முடியாது.

மார்ச்சில், பதுளை வண்டிக்கு முன்,
போத்தலின் அடியில் விரித்த தாளில்
ஒரு கறுப்புப் புள்ளி.
கடுகில் பாதி.
நேற்று இல்லை.
மேலே, தளிரின் ஓரத்தில்
நகம் கடித்த அளவு ஒரு பள்ளம்.

விமலசிறியைக் கூப்பிட்டேன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் குனிந்தார்.
மரியாதையான சிங்களச் சொல் தெரியாமல்
பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினேன்.
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றார்,
பெல் இரண்டாம் முறை அடிக்கும்வரை.

வண்டி போனதும் கொப்பியை எடுத்து
திகதி போட்டேன். எழுதினேன்:
எச்சம், ஒன்று.

மற்ற இரண்டின் எதிரே
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.