அழித்த இடம்

இருபத்தொரு கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை.
பென்சில்தான் தருவோம்,
பேனாவுக்கு இந்த வார்டில் அனுமதியில்லை.

அல்கிமந்தாஸ் கண்ணாடியைத் தேடினார்.
அது நர்ஸ் யாத்விகாவின் இழுப்பறையில்
சாவிக்கொத்தோடு பூட்டியிருந்தது. வாங்கிவந்தேன்.
"பரீட்சையா?"
"இதில் தேறவும் முடியாது, தோற்கவும் முடியாது"
என்றேன், எல்லோரிடமும் சொல்வதைப்போல.

கிளைப்பேடா துறைமுகத்தில்
முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவர்.
ஜன்னலுக்கு வெளியே நவம்பர்.
நாலரை மணிக்கே இருட்டி
காயலும் வானமும் ஒரே ஈயம்.

தூக்கம்: இரண்டு. பசி: ஒன்று.
ஒன்பதாவது கேள்வி: பூஜ்யம்.
கூட்டினால் பன்னிரண்டு.
அட்டவணையில் பன்னிரண்டுக்கு 'லேசானது' என்று பெயர்.
லேசானவர்கள் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம்.
இன்று வியாழன்.

தாளை எடுத்தபோது
மேஜை விளக்கு பக்கவாட்டில் விழுந்தது.
ஒன்பதில் ரப்பர் தேய்த்த பளபளப்பு.
அதற்கடியில் ஒரு பள்ளம்,
இரண்டைச் சுற்றி அழுத்திப் போட்ட வட்டம்.
கரி போய்விட்டது.
கை போகவில்லை.

எண் தாண்டினால் என்ன செய்வதென்று
கையேட்டில் இருக்கிறது.
அழித்தால்?
போன வருடம் ஏழு வாங்கிய ஒருத்தியின் கோப்பு
இன்னும் என் அலமாரியில்.
முப்பத்தெட்டு வாங்கிய இன்னொருத்தி
ஈஸ்டர்தோறும் சாயமிட்ட முட்டை கொண்டுவருகிறாள்.

சுற்றி வளைக்காமல் கேட்டேன்:
"செத்துப்போகலாம் என்று நினைக்கிறீர்களா?"
கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பார்கள்.
வராது. ஏற்கெனவே வந்து
நின்றுகொண்டே இருப்பதற்கு
உட்கார ஒரு நாற்காலி கிடைக்கும், அவ்வளவுதான்.

கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார்.
"பழைய கிரேனில் ஒரு மீட்டர் உண்டு.
எத்தனை டன் தொங்குகிறதென்று காட்டும்.
காற்றைக் காட்டாது.
காற்றுக்குக் கொடியைத்தான் பார்க்கவேண்டும்."

"கொடி இப்போது எப்படி?"

"பகலில் பரவாயில்லை.
ராத்திரி இரண்டு மணிக்கு..."
முடிக்கவில்லை.

"ஏன் அழித்தீர்கள்?"
"நாளைக்கு வீட்டுக்குப் போகணும்.
நாயைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறேன்."

நாயின் பெயர் படிவத்தில் இல்லை. கேட்டேன்.
குட்லியுஸ், என்றார்.
அதுவரை உடையாத குரல்.

மொத்தத்தை நான் திருத்தவில்லை.
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
'ஒன்பது அழிக்கப்பட்டிருக்கிறது. கேட்டேன், சொன்னார்.
நாளை வீட்டுக்கு அனுப்பவேண்டாம்.
இரவு இரண்டு மணிக்கு யாராவது
அவர் அருகில் போய் உட்காரவும்.
நாயைப் பற்றிக் கேட்கலாம்.'